பதினான்காவது குழியில் ஐந்து

லாரியிலிருந்து வடித்த கழிவு எண்ணெயின் நாற்றத்தோடு சோறு தின்றிருக்கிறீர்களா? நான் நான்கு வருடம் தின்றிருக்கிறேன். அந்தக் கறுப்பு எண்ணெயை மணலில் ஊற்றிப் பிசைந்து, வட்டமாகப் பரப்பி, கெட்டித்து, நடுவில் ஒரு குழி தோண்டிக் கொடி நட்டால் கோல்ஃப் மைதானம் ஆகிவிடும் என்று நம்பிய ஊரில் நான் கோல்ஃப் ஆட்டக்காரனாக வேலை பார்த்தேன். குழியைச் சுற்றி வழவழப்பான புல் இருக்க வேண்டும். உலகமெல்லாம் அந்த இடத்துக்கு 'கிரீன்' என்று பெயர். எங்களிடம் இருந்தது 'பிரவுன்'. வெயில் ஏற ஏற அது இளகி, செருப்பு, பந்து, கால்சட்டை மடிப்பு என்று எல்லாவற்றிலும் ஒட்டும். சர்ஃப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணிலிருந்து போகாது.

எண்பதுகளின் நடுவில் ராஸ் அல் கைமாவில், ஒரு சிமென்ட் தொழிற்சாலைக்குப் பின்புறம் இருந்தது அந்த மைதானம். மலையை வெட்டும் குவாரி ஒரு பக்கம், புகைபோக்கி மறுபக்கம். நடுவில் இரண்டு வரிசையாக வெள்ளையடித்த கற்களை நட்டு, அதற்குள் இருப்பதுதான் பாதை என்று வைத்திருந்தார்கள். பந்து பாதைக்குள் விழுந்தால், கையோடு கொண்டுபோகும் பிளாஸ்டிக் புல் பாயை அது கிடந்த அதே இடத்தில் போட்டு, பந்தை அதன் மேல் தூக்கி வைத்து அடிக்கலாம். கால்மிதி அளவுதான் இருக்கும் அந்தப் பாய். பாதைக்கு வெளியே விழுந்தால் பாய் கிடையாது. கல்லோ முள்ளோ, கிடந்தபடிதான் அடிக்க வேண்டும். விதி இவ்வளவுதான். இதில் என்ன திருட்டு செய்துவிட முடியும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.

நான் ஊட்டிக்காரன். அப்பா அங்கே மைதானத்தில் புல் வெட்டினார். நான் சின்ன வயதிலேயே பெரிய மனிதர்களின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். அவர்கள் கோபத்தில் முறித்துப் போட்ட ஸ்டிக்குகளை ஒட்டவைத்து ஆடப் பழகி, இருபத்து மூன்று வயதில் ப்ரோ ஆனேன். ப்ரோ என்றால் காசுக்கு ஆடுகிறவன், காசுக்குக் கற்றுக்கொடுக்கிறவன். மற்ற விளையாட்டில் அது பெருமை. எங்கள் விளையாட்டில், எங்கள் நாட்டில், ப்ரோ என்றால் பின்வாசலில் நின்று டீ வாங்கிக் குடிக்கிற ஆள். ஒன்று மட்டும் அங்கே கறாராக இருந்தது. அடித்த அடிதான் எண்ணிக்கை. பை தூக்குகிறவன் பந்தைக் காலால் தள்ளியது தெரிந்தால் மறுநாள் அவனுக்கு வேலை இல்லை. பையின் சொந்தக்காரர் தள்ளினால் நாங்கள் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அதுவும் பயிற்சியில் ஒரு பகுதிதான். எனக்கு இரண்டும் நன்றாக வந்தன.

வளைகுடாவில் கோல்ஃப் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று ஏஜென்ட் சொன்னபோது பச்சைப் பசேலென்று ஏதோ கற்பனை செய்துகொண்டு விமானம் ஏறினேன். விசாவில் என் தொழில் 'மேசன்' என்று போட்டிருந்தது. கம்பெனியிடம் கொத்தனார் விசாதான் மிச்சம் இருந்ததாம். கேம்ப்பில் ஓர் அறைக்கு எட்டுப் பேர். மற்ற ஏழு பேரும் தொழிற்சாலையிலும் குவாரியிலும் முதுகு ஒடிய வேலை பார்க்கிறவர்கள். அவர்களிடம் நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

"கொத்தனாருன்னு போட்டிருக்கு, கரண்டி புடிப்பியா மாப்ள?" என்று முதல் நாளே கேட்டான் பக்கத்துக் கட்டில்காரன். ராமநாதபுரம் பக்கத்து ஆள், என் வயதுதான்.

"இல்ல, பந்து அடிப்பேன்."

"எந்தப் பந்து?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். கையில் உருட்டிப் பார்த்தான்.

"இந்தக் கோலிக்குண்டத் தட்டுறதுக்கா ஒன்ன ஏரோப்பிளேன்ல ஏத்தி விட்டாய்ங்க? ஆண்டவன் ஒனக்கு எங்கயோ மச்சம் வச்சிருக்கான்டா."

இரண்டு மாதத்தில் அவனையே மைதானத்து வேலைக்கு மாற்றினார்கள். ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு ஜோடியாகக் கடந்துபோன பிறகு, பிரவுனில் பதிந்த கால்தடங்களை ஒரு கனமான சாக்கால் இழுத்துச் சமப்படுத்துகிற வேலை. அவன் கையும் என் கை போலவே நாறத் தொடங்கியது. அதற்குப் பிறகு கேலியைக் குறைத்துக்கொண்டான்.

கிளப் கேப்டனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலையில் பெரிய மேனேஜர். என் சம்பளச் சீட்டிலும் விசாத் தாளிலும் அவர் கையெழுத்துதான். எப்போதும் ஆங்கிலம். எச்சில் தொட்டுத்தான் எந்தத் தாளையும் திருப்புவார். அந்த எச்சில் விரலால் என் தோளைத் தட்டிக்கொடுப்பார். பாதி குடித்த பெப்சி டின்னை என் பக்கம் நீட்டி, ஏதோ வரம் கொடுத்தது போல நிற்பார். வாங்கி, அவர் திரும்பியதும் மணலில் கொட்டுவேன். ஆறு மாதம் வரை அவரை நான் பம்பாய்க்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பாதைக்கு வெளியே முள்செடி அடியில் கிடந்த அவருடைய பந்தைத் தேடிக் காட்டினேன். சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை.

"கொஞ்சம் இப்பிடி உள்ள தள்ளி விட்டுடேன்ப்பா," என்றார்.

சுத்தமான மெட்ராஸ் தமிழ். எனக்கு ஒரு நிமிடம் எதுவும் புரியவில்லை. இத்தனை நாள் என்னிடம் ஒரு 'சாப்பிட்டியா' கேட்காத மனுஷன், தமிழை எதற்கு எடுத்து வைத்திருந்தார் பாருங்கள். பந்தைத் தள்ளினேனா என்று கேட்கிறீர்களா? நான் தள்ளவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரே தள்ளிக்கொண்டார்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். மற்ற நேரமெல்லாம் ஆங்கிலம். திருட்டுக்குத் தமிழ். அவர் வாயிலிருந்து "ஏம்ப்பா" என்று வந்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். பந்து கிடந்த இடத்தில் போட வேண்டிய பாயை இரண்டு பாய் நீளம் முன்னால் போடுவார். போட்ட பிறகு சரிசெய்வது போல இன்னொரு பாய் நீளம் நகர்த்துவார். ஒரு ஆட்டத்தில் அந்தப் பாய் நடந்த தூரத்தை அளந்தால் பஸ் ஸ்டாண்டுக்கே போய்விடலாம். இத்தனைக்கும் அவர் மோசமான ஆட்டக்காரர் இல்லை. ஒழுங்காக ஆடினாலே நாலு பேர் மதிக்கும்படி ஆடுவார். அதுதான் எனக்கு இன்னும் குமட்டியது. பசிக்குத் திருடுகிறவனை மன்னித்துவிடலாம். வயிறு நிறைந்தவன் பக்கத்து இலையில் கை வைப்பதை என்னவென்று சொல்வது?

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. துபாய்ப் பக்கம் புல் மைதானம் ஒன்று வரப்போகிறது. கடல் தண்ணீரிலிருந்து உப்பை எடுத்துவிட்டு அந்தத் தண்ணீரைப் புல்லுக்கு விடப்போகிறார்களாம். கேம்ப்பில் யாரும் நம்பவில்லை. "நம்ம ரூம்ல குளிக்கத் தண்ணி வரல, புல்லுக்கு விடுறானாம்," என்று சிரித்தார்கள். ஆனால் அந்தப் புல் மைதானத்தின் தலைமை ப்ரோ, ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டார். அவருக்கு உதவியாளராக ஒரே ஒரு ப்ரோ வேண்டும். எங்கள் குளிர்காலப் போட்டிக்கு அவர் பார்வையாளராக வருவார், மணல் மைதானங்களிலிருந்து வரும் ஐந்து ப்ரோக்களில் குறைந்த அடியில் முடிக்கிறவனை எடுத்துக்கொள்வார் என்று கிளப் செயலாளர் சொன்னார்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. புல்லில் அடிக்கும்போது ஸ்டிக் பந்தைத் தொட்டு, கூடவே ஒரு கிள்ளு மண்ணையும் எடுத்துக்கொண்டு போகும். பிளாஸ்டிக் பாயில் அது வழுக்கிவிடும். தப்பாக அடித்தாலும் சரியாகப் போனது போல ஏமாற்றும். நான்கு வருடம் பாயில் அடித்து என் கை பொய் சொல்லப் பழகிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு வருடம் போனால் புல்லில் எனக்கு ஆட வராது. அப்புறம் விசாவில் போட்டிருக்கிறபடி கொத்தனாராக ஆகிவிட வேண்டியதுதான். அந்த ஒரு நாள் ஆட்டத்தை விட்டால் வேறு வழி இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"கெடச்சா விசால என்ன போடுவான்?" என்று கேட்டான் ராமநாதபுரத்தான்.

"கோல்ஃப் ப்ரொஃபஷனல்னு போடுவான்."

"போடட்டும். அப்பயாச்சும் நீ என்ன வேல பாக்குறன்னு எங்களுக்கு வெளங்கும்."

போட்டியில் இரண்டு இரண்டு பேராக ஆட வேண்டும். ஒவ்வொருவன் கையிலும் அடுத்தவனுடைய அட்டை இருக்கும். என் அடிகளை அவன் எழுதுவான், அவன் அடிகளை நான் எழுதுவேன். பதினெட்டுக் குழியும் முடிந்ததும் அட்டைகளை மாற்றிக்கொண்டு, அவரவர் அட்டையைக் குழி குழியாகச் சரிபார்க்க வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் முடிந்தது. அட்டையில் ஒரு குழிக்கு உண்மையில் அடித்ததைவிடக் குறைவாக ஓர் எண் இருந்து, அதில் நீ கையெழுத்துப் போட்டிருந்தால், யார் எழுதிய பிழையாக இருந்தாலும் நீ போட்டிக்கு வெளியே. இந்த விதியை நான் எத்தனையோ பேருக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பட்டியல் ஒட்டினார்கள். என் ஜோடி கேப்டன். அவரே அப்படிப் போட்டுக்கொண்டிருந்தார்.

ப்ரோக்களுக்கு ஒரு பரிசு, உறுப்பினர்களுக்கு ஒரு கோப்பை. கோப்பை மேல் அவருக்கு மூன்று வருடமாகக் கண். காலை ஆறரை மணிக்கு முதல் குழியில் நின்றோம். ஸ்காட்லாந்துக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு என் கை நான் சொன்னதைக் கேட்டது. ஒன்பது குழிகள் முடிந்தபோது விதித்த அடிக்கு இரண்டு குறைவாக இருந்தேன். நான்கு வருடத்தில் அந்த மணலில் நான் அப்படி ஆடியதில்லை.

கேப்டன் ஒவ்வொரு குழி முடிந்ததும் தன் எண்ணைச் சத்தமாக ஆங்கிலத்தில் சொல்வார். நான் எண்ணியது ஆறாக இருக்கும். அவர் "ஃபைவ்" என்பார். நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் அடுத்த குழியைப் பார்ப்பார். நான் ஐந்து என்று எழுதுவேன். முதல் தடவை எழுதும்போது பென்சில் நின்றது. மூன்றாவது தடவை நிற்கவில்லை. என் விசாத் தாள் இவர் மேஜையில் இருக்கிறது, எனக்கென்ன போச்சு, நான் என் ஆட்டத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன்.

பதினான்காவது குழியில்தான் வினை. நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழி. கேப்டன் அடித்த பந்து பாதையைத் தாண்டி ஒட்டகங்கள் படுத்துக்கிடக்கும் பள்ளத்துக்குள் போனது. பந்து கிடைக்காவிட்டால் ஓர் அடி அபராதத்தோடு மறுபடியும் முதலிலிருந்து அடிக்க வேண்டும். இரண்டு பேரும் தேடினோம். ஒட்டகச் சாணமும் ஈயும் செத்துப்போன முள்ளுமாக இருந்தது. நான் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது அவர் தன் கால்சட்டைப் பையில் கை விட்டதைப் பார்த்தேன். பை ஓரமாக ஒரு வெள்ளைப் பந்து கால்சட்டைக்குள்ளேயே சறுக்கி அவர் செருப்புப் பக்கம் விழுந்தது. பையில் அதற்காகவே ஓட்டை வைத்துத் தைத்திருந்தார். இதற்கென்று தையல்காரனிடம் போய், அளவு சொல்லி, காசு கொடுத்து வாங்கிய ஓட்டை. சீ.

"கெடச்சுடுச்சுப்பா," என்றார்.

தமிழில் சொன்னார். சொல்லிக்கொண்டே ஓர் அடி பின்வாங்கி, ஈரச் சாணத்தில் காலை வைத்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் அங்கிருந்து இழுத்து இழுத்து எட்டு அடியில் குழியை முடித்தார். என் பந்து குழியிலிருந்து இரண்டு சாண் தூரத்தில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய தூரம். பிரவுன் ஓரத்தில் சாக்கைப் பிடித்துக்கொண்டு ராமநாதபுரத்தான் நின்றிருந்தான். நான் பந்துக்கு மேல் குனிந்தேன். கண்ணுக்குள் அந்தக் கால்சட்டைப் பைதான் தெரிந்தது. பந்து குழி விளிம்பைத் தொட்டுவிட்டு வெளியே நின்றது. நான்கு போய் ஐந்து ஆனது.

கேப்டன் அதைப் பார்க்கவே இல்லை. பிரவுனுக்கு வெளியே உட்கார்ந்து, என் துண்டை எடுத்து, தன் செருப்பில் ஒட்டியிருந்த ஒட்டகச் சாணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "ஃபைவ்," என்றார். எட்டை ஐந்தாக்கிச் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். இவர் சோறுகூட இல்லாமல் மறைத்தார். நான் எழுதினேன். அவர் என் அட்டையில் என்ன எழுதினார் என்று நான் கவனிக்கவில்லை.

கடைசிக் குழி முடிந்து, அட்டை கொடுக்கும் கூடாரத்துக்கு வந்தோம். மடக்கு மேஜை. அதன் பின்னால் செயலாளர், வயதான ஆங்கிலேயர். பக்கத்திலேயே ஸ்காட்லாந்துக்காரர் நின்றார். கேப்டனின் அட்டையில் எழுபத்தொன்பது வந்தது. என் எண்ணிக்கையில் எண்பத்தாறு. பேனாவை எடுத்தேன்.

"போடுப்பா, என்ன யோசனை? எல்லாம் கரெக்டாத்தானே இருக்கு," என்றார் காதோரமாக.

போட்டேன். நெஞ்சு அடித்தது ஸ்காட்லாந்துக்காரருக்குக் கேட்டிருக்கும் போல இருந்தது. அடுத்த நொடி என் அட்டையைக் கேப்டன் என் முன்னால் தள்ளினார். குழி குழியாகப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன், ஒரு குழியைக்கூடப் பார்க்கவில்லை. அங்கிருந்து ஓடிப்போனால் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். மனதுக்குள் என் கணக்கு தெளிவாக இருந்தது. எழுபத்தொன்று.

அரை மணி நேரத்தில் பலகையில் எழுதினார்கள். என் பெயருக்கு நேராக எழுபது. எனக்கு அடுத்தவர் அபுதாபியிலிருந்து வந்த பாகிஸ்தான்காரர், எழுபத்திரண்டு. நான் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வந்து நின்றான் ராமநாதபுரத்தான். இத்தனை வருடத்தில் அவனுக்கு ஆட்டம் அத்துபடி ஆகியிருந்தது.

"பதினாலுல அஞ்சுல்ல அடிச்ச?"

"ஆமா."

"அப்ப எழுவத்தொண்ணுல வரணும்?"

"ஆமா. அந்தாளு நாலுன்னு எழுதிட்டாரு. நான் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்."

"போனாப் போகுது. எழுவத்தொண்ணுன்னாலும் நீதான மொதல்ல வர்ற? வாயப் பொத்திக்கிட்டு இரு மாப்ள."

அவன் சொன்னது நியாயம்தான். யாரையும் ஏமாற்றி நான் வாங்கவில்லை. உண்மையான எண்ணுக்கும் வேலை எனக்குத்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் விதிப்படி வெளியே. பத்து நிமிடம் அங்கேயே நின்றிருப்பேன். காலையிலிருந்து ஒவ்வொரு குழியாக விழுங்கியதெல்லாம் உள்ளே கிடந்தது. எதையாவது கக்கியே ஆக வேண்டும். நான் கூடாரத்துக்குள் போனேன்.

மேஜையருகே கேப்டன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் செயலாளரிடம், "சார், ஓர் அட்டையில் தப்பு இருக்கிறது," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். கேப்டனின் முகத்தைப் பார்த்தேன். ரத்தம் வற்றிச் சாம்பலாக இருந்தது. உதடு கோணியது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே, "என் அட்டை. பதினான்காவது குழியில் நான் அடித்தது ஐந்து," என்றேன்.

அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. அதை நான் கண்ணெதிரே பார்த்தேன்.

செயலாளர் வருத்தத்தோடு என் பெயரை அடித்தார். ஸ்காட்லாந்துக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். பரிசு கொடுக்கும்போது கேப்டன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினார். கோல்ஃப் என்பது கனவான்களின் ஆட்டம், இங்கே நடுவர் கிடையாது, மனச்சாட்சிதான் நடுவர், அதற்கு இன்று நம் ப்ரோ சாட்சி என்றார். எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். நான் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு கும்பிட்டேன். அந்தக் கும்பிட்ட கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

கேம்ப்புக்கு வேனில் திரும்பினோம். இறங்கும்போது ராமநாதபுரத்தான் கேட்டான்.

"ஒன்னோடத சொன்னியே, அந்தாளோடத ஏன் சொல்லல?"

"அதுல என் கையெழுத்துல்ல இருக்கு."

"ஒன்னோடதுலயும் ஒன் கையெழுத்துதான இருந்துச்சு?"

பதில் எனக்குத் தெரியும். என்னுடையதைச் சொன்னால் புது வேலைதான் போகும். அவருடையதைச் சொன்னால் இருக்கிற வேலையும் விசாவும் போகும், அடுத்த வாரம் ஊட்டியில் பின்வாசலில் டீ கிளாஸோடு நிற்பேன். எது மலிவோ அதைக் கக்கினேன். இதற்குத்தான் கை தட்டினார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. பத்து நாள் கழித்துக் கேப்டன் என்னைத் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். ஸ்காட்லாந்துக்காரர் ஃபோன் செய்திருந்தாராம். ஆட்டம் யாருக்கும் சொல்லித்தரலாம், அன்றைக்கு அந்த ஆள் செய்ததைச் சொல்லித்தர முடியாது, எனக்கு அவன்தான் வேண்டும் என்றாராம். கேப்டன் ஏற்கெனவே ஒரு கடிதம் தட்டச்சு செய்து வைத்திருந்தார். நான்கு வருடமாக இவரை அறிவேன், இவரைவிட நேர்மையான ஒருவரை நான் சந்தித்ததில்லை என்று இருந்தது. விசா மாற்றத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று இன்னொரு தாள். இரண்டிலும் கீழே அவர் கையெழுத்து.

"நல்லா இருப்பா. பழசெல்லாம் மனசுல வச்சுக்காத," என்றார்.

வாங்கிக்கொண்டேன். நன்றிகூடச் சொன்னேன்.

புல் மைதானத்தில் முதல் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். காலில் ஈரம் பட்டதும் அழுகை வந்தது. நாலு பேர் பார்க்க வெட்கமில்லாமல் அழுதேன். விசாவில் கோல்ஃப் ப்ரொஃபஷனல் என்று போட்டார்கள். ராமநாதபுரத்தானுக்கு நகல் எடுத்து அனுப்பினேன். கட்டடத்துக்குள் முன்வாசல் வழியாகப் போனேன், நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தேன். என்னைப் புதியவர்களிடம் அறிமுகப்படுத்தும்போதெல்லாம் ஸ்காட்லாந்துக்காரர் அந்தப் பதினான்காவது குழிக் கதையைச் சொல்வார். முக்கியமான ஆட்டம் என்றால், அட்டை எழுத என்னைப் போடுவார்கள். நான் எழுதினால் ஒருவரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து, தொழிற்சாலைக்காரர்கள் சிலர் அங்கே உறுப்பினரானார்கள். முதல் மாதப் போட்டியின் பட்டியலைப் பார்த்தேன். கேப்டனின் பெயருக்கு நேராக, அட்டை எழுதுகிறவர் என்ற இடத்தில், என் பெயர். கேட்டு வாங்கியிருக்கிறார்.

அன்று ஏழாவது குழியில் அவர் பந்து ஒரு மரத்தடியில் போய்க் கிடந்தது. புதிதாக நட்ட மரம், கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். சுற்றுமுற்றும் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அந்த ஊரில் பார்ப்பதற்கு மேகம்கூடக் கிடையாது.

அட்டை கொடுக்கும் மேஜையில் இருந்தவன் புதியவன், ஓர் இளம் வெள்ளைக்காரன். எண்களைக் கூட்டிவிட்டுப் புருவத்தை உயர்த்தினான். கீழே என் கையெழுத்தைப் பார்த்தான். பார்த்ததும் புருவம் இறங்கியது. மன்னிக்க வேண்டும் என்று கேப்டனிடம் சொல்லி அட்டையைப் பெட்டிக்குள் போட்டான்.

வெளியே வந்ததும் அவர் எச்சில் விரலால் என் தோளைத் தட்டினார்.

"பாத்தியா? உன் கையெழுத்து இருந்தா எவனும் ரெண்டாந்தரம் கேக்க மாட்டான்ப்பா. இனிமே மாசாமாசம் நீதான் எனக்கு."

நான் அந்த ஊரை விட்டுக் கிளம்பும்வரை மாதம் தவறாமல் என்னைக் கேட்டார். மாதம் தவறாமல் போட்டுக் கொடுத்தேன்.